ரயில் ஏன் தடம் புரள்கிறது, அதன் பிறகு என்ன நடக்கிறது?

ஒரு ரயில் தடம் புரண்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கேள்விகள் கிளம்பிவிடும். எத்தனை பேர் இறந்தார்கள்? டிரைவர் தூங்கிவிட்டாரா? இது சதியா? முதல் கேள்விக்கு அன்று வரும் பதில் அடுத்த சில நாட்களில் மாறும். மற்ற இரண்டுக்கும் அன்றைக்கு யாரிடமும் நம்பத் தகுந்த பதில் இருக்காது. அப்படியிருந்தும் ஊர் முழுக்கப் பதில்கள் சுற்றும். யாரோ ஒரு ஊழியர் பெயர் அடிபடும். அவர் வீட்டுக்கு முன்னால் கூட்டம் கூடும். உண்மையான காரணம் மாதக்கணக்கில் கழித்து அறிக்கையாக வரும்போது அதைப் படிக்க ஆள் இருக்காது. இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம். அதனால், ரயில்வே பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

சக்கரத்திலிருந்து தொடங்கலாம். ரயில் சக்கரத்தின் உள்பக்க ஓரத்தில் ஒரு விளிம்பு இருக்கும். பிளேஞ்ச் என்பார்கள். உயரம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். இந்த விளிம்புதான் ரயிலைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. சக்கரத்தின் ஓடும் பரப்பு தட்டையாக இருக்காது. உள்பக்கம் கொஞ்சம் பெரிதாகவும் வெளிப்பக்கம் கொஞ்சம் சிறிதாகவும் சரிவாகக் கடைந்திருப்பார்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. அச்சு இடதுபக்கம் சற்று நகர்ந்தால் இடது சக்கரம் தன் பெரிய பகுதியிலும் வலது சக்கரம் தன் சிறிய பகுதியிலும் உருளும். ஒரே சுற்றில் இடது சக்கரம் அதிக தூரம் போவதால் அச்சு தானாகவே நடுவுக்குத் திரும்பிவிடும். நேர்ப்பாதையில் விளிம்பு தண்டவாளத்தைத் தொடவே வேண்டியதில்லை. வளைவிலோ, பாதை சரியில்லாத இடத்திலோ இந்தத் தானியங்கித் திருப்பம் போதாமல் போகும்போதுதான் விளிம்புக்கு வேலை.

சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு சின்ன நாணயத்தின் அளவுதான். ஒரு பெட்டியின் ஐம்பது டன் எடையை அப்படி எட்டு இடங்கள் தாங்குகின்றன.

இப்போது தடம் புரள்வது என்றால் என்னவென்று பார்க்கலாம். சக்கரத்தின் மேல் இரண்டு விசைகள் போட்டி போடுகின்றன. பெட்டியின் எடை சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. வளைவும் ஆட்டமும் அதைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. பக்கவாட்டுத் தள்ளல் கூடி, கீழ் அழுத்தம் குறைந்தால், விளிம்பு தண்டவாளத்தின் பக்கச்சுவரில் மெல்ல ஏறத் தொடங்கும். எந்த அளவில் ஏறும் என்பதற்கு நடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நூறாண்டுக்கும் முன்பே சூத்திரம் எழுதிவிட்டார். இன்றும் பொறியாளர்கள் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். ஒருபக்கத் தண்டவாளம் மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தால் அந்த மூலைச் சக்கரத்தின் மேல் எடை குறையும். தேய்ந்த விளிம்பும் அதனுடன் சேர்ந்துகொண்டால் ஏறிவிடும். அதனால்தான் வண்டியை மட்டும் சோதித்தாலோ, பாதையை மட்டும் சோதித்தாலோ பல விபத்துகளுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' இருக்கும்.

இன்னொரு வகை, தண்டவாளமே கைவிடுவது. வெயிலில் இரும்பு நீளும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 35 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். இப்போதெல்லாம் தண்டவாளங்களை நீளமாக வெல்டிங் செய்துவிடுவதால் நீள இடமில்லை. தண்டவாளத்துக்குக் குறுக்கே அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளும் ஜல்லியும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஜல்லி போதாத இடத்தில் கடும் வெயிலில் பாதை பாம்பாக நெளிந்துவிடும். குளிரில் நேர்மாறு: சுருங்கும் இரும்பு, எங்கே உள்விரிசல் இருக்கிறதோ அங்கே முறியும். அந்த விரிசலைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்த் தேடுகிறார்கள். கீமேன் என்ற ஊழியர் ஸ்பேனரும் சுத்தியலுமாகத் தன் பகுதியை நாள்தோறும் நடந்தே பார்க்கிறார். கழன்ற கிளிப்பைத் தட்டிப் பொருத்துவார். முறிந்த இடத்தைக் கண்டால் சிவப்புக் கொடியோடு வண்டியை நிறுத்த ஓடுவார். அப்படி அவர் தடுத்த விபத்துகள் செய்தியில் வருவதில்லை.

பாதையில் வேலை நடப்பதே ஆபத்தாவதும் உண்டு. 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் கதௌலியில் கலிங்க உத்கல் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தண்டவாளப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக ரயில்களை நிறுத்தி வைக்கும் 'பிளாக்' கொடுக்கப்படவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி டிரைவருக்குத் தகவலும் இல்லை. வேலை முடியாத பாதையில் ரயில் முழு வேகத்தில் வந்தது.

மழைக்காலத்தில் பாலம். 1956 நவம்பர் 23 அதிகாலை அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வெள்ளம் வந்து, சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். வெள்ளம் பாலத்தின் மேலே பாய வேண்டும் என்றில்லை. தூணின் அடியிலும் கரையிலும் மண்ணை அரித்துவிட்டால் போதும். மேலே தண்டவாளம் ஒழுங்காகத்தான் தெரியும். இன்று ரயில்வே பாலங்களில் அபாய மட்டம் என்று கோடு போட்டிருப்பதும், மழைக்காலத்தில் இரவு ரோந்து போவதும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத அரிப்புக்காகத்தான்.

அடுத்தது பாயிண்ட். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு ரயிலைத் திருப்பும் இடம் இது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நூற்றாண்டில் இந்தியா கண்ட மிக மோசமான ரயில் விபத்து இங்கேதான் நடந்தது.

நிலையத்தில் நேராகப் போவது மெயின் லைன். பக்கவாட்டில் பிரிந்து, வண்டியை ஒதுக்கி நிறுத்த உதவுவது லூப் லைன். மெயினில் 130 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் போகலாம்; லூப்புக்குள் நுழையப் பொதுவாக 30 கிலோமீட்டர்தான். அதனால் பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ற சிக்னல்தான் விழ வேண்டும். இதை மனிதர் நினைவை நம்பி விடுவதில்லை. பாயிண்ட் மெயினுக்குத் திரும்பிப் பூட்டிக்கொண்டது என்று மின்சுற்று உறுதி சொன்னால்தான் மெயினுக்குப் பச்சை விழும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர்.

2023 ஜூன் 2, மாலை ஏழு மணி வாக்கில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹாநகா பஜார் நிலையம். கொல்கத்தாவை ஒட்டிய ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைன் பச்சை விழுந்திருந்தது. பாயிண்ட், சிக்னல் நிலையைக் காட்டும் நிலையத்தின் பேனல் பலகையிலும் மெயின் என்றே காட்டியது. ஆனால் தரையில் 17ஏ பாயிண்ட் லூப் பக்கம் திரும்பியிருந்தது. சுமார் 128 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் லூப்புக்குள் பாய்ந்து, அங்கே இரும்புத் தாது ஏற்றி நின்ற சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. சிதறிய பெட்டிகளில் சில பக்கத்துத் தடத்தில் விழுந்தன. அதே நேரம் அந்தத் தடத்தில் எதிரே போய்க்கொண்டிருந்த பெங்களூரு – ஹவுரா எக்ஸ்பிரசின் கடைசிப் பெட்டிகள் அவற்றில் சிக்கிப் புரண்டன. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

உறுதி சொல்ல வேண்டிய மின்சுற்று ஏன் பொய் சொன்னது? நிலையத்துக்கு அருகே 94-ம் எண் லெவல் கிராசிங் இருக்கிறது. அன்று அங்கே கேட் தடுப்பை மாற்றும் வேலை நடந்தது. அந்த வேலையின்போது வயர்கள் தவறாக இணைக்கப்பட்டன. ஆனால் கதை அன்று தொடங்கவில்லை. 2018-ல் சர்க்யூட்டை மாற்றியபோது நடந்த குளறுபடியால், கிராசிங் அருகே உள்ள சிக்னல் வயர் பெட்டிக்குள் இருந்த வயர்களும் அவற்றின் மேல் எழுதியிருந்த அடையாளமும் ஒத்துப்போகவில்லை. ஐந்து ஆண்டு அது யார் கண்ணிலும் படவில்லை, அல்லது பட்டும் சரி செய்யப்படவில்லை. விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது இன்னொரு தகவல். அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஸ் என்ற நிலையத்தில் 2022 மே 16 அன்றே இதே மாதிரி சிக்னல் ஒன்று சொல்ல, பாதை வேறாக இருந்திருக்கிறது. அங்கும் தவறான வயரிங், கேபிள் பழுது. அப்போது பாடம் கற்று எல்லா இடத்திலும் சரிபார்த்திருந்தால் பஹாநகா நடந்திருக்காது என்று அறிக்கை நேரடியாகவே சொல்கிறது.

ரயிலை ஓட்டியவர் பச்சையைப் பார்த்துத்தான் ஓட்டினார். ஆனால் விபத்து நடந்த இரண்டு நாளுக்குள் சமூக வலைத்தளங்களில் மதச்சாயம் பூசிய வதந்திகள் பரவி, ஒடிசா காவல்துறை எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. உண்மையான காரணமோ ஒரு சிக்னல் பெட்டிக்குள் இருந்த வயர்களில் இருந்தது.

ஒரு ரயில் தடம் புரண்டாலே மரணம் என்றில்லை. நிலைய யார்டில் மெதுவாகப் போகும் பெட்டி தடம் இறங்கினால் ஆட்களை இறக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். உயிரைப் பறிப்பது முதலில் வேகம். வேகம் இரு மடங்கானால் மோதலில் அடங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அடுத்து, புரண்ட பெட்டி எதில் போய் நிற்கிறது என்பது: வயல்வெளியிலா, பாலத்தின் தூணிலா, எதிரே வரும் ரயிலிலா. 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷெடெயில் 200 கிலோமீட்டர் வேகத்தில் போன ரயிலில் ஒரு சக்கரத்தின் வெளி வளையம் உடைந்தது. உடைந்த பிறகும் ரயில் பல கிலோமீட்டர் ஓடியது. ஒரு பாயிண்டைக் கடக்கும்போதுதான் தடம் புரண்டு, சாலைப் பாலத்தின் தூணில் மோதி, பாலமே பெட்டிகளின் மேல் இடிந்தது. 101 பேர் இறந்தார்கள்.

மூன்றாவது, பெட்டியின் அமைப்பு. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் தயாரான பழைய நீலப் பெட்டிகளில் பெட்டிகளை இணைக்கும் திருகு கப்ளிங்கும், இருபுறம் அதிர்ச்சி தாங்கும் பஃபரும் இருக்கும். பலமாக மோதினால் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறிவிடும், அல்லது ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் தப்ப இடமே இருக்காது. அவற்றுக்குப் பதிலாக வந்த எல்.எச்.பி. பெட்டிகள் ஜெர்மன் வடிவமைப்பு. நடுவில் உள்ள கப்ளிங் அடுத்தடுத்த பெட்டிகளை இறுகப் பிடித்து, மேலே ஏறவிடாமல் தடுக்கும். பழைய வகையைத் தயாரிப்பதை 2018-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் எதற்கும் எல்லை உண்டு. கோரமண்டல் எக்ஸ்பிரசிலும் எல்.எச்.பி. பெட்டிகள்தான் இருந்தன. 2024 அக்டோபர் 11 இரவு சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்குப் பச்சை இருக்க, லூப்புக்குள் நுழைந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. கிட்டத்தட்ட பஹாநகாவின் அதே காட்சி, ஒருவரும் இறக்கவில்லை. அதே வகைப் பெட்டிகள், ஆனால் மோதிய வேகம் குறைவு, எதிர்த் தடத்தில் இன்னொரு ரயிலும் இல்லை.

சரி, விபத்து நடந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்? காயம்பட்டவர்களை மீட்பது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ரயில்வே விதியோ ஊழியர்களை முதலில் பக்கத்துத் தடத்தைப் பார்க்கச் சொல்கிறது. எதிரே வரும் ரயிலை நிறுத்தாவிட்டால் விபத்து இரண்டாகிவிடும். இன்ஜின் மேல் மஞ்சள் பிளாஷர் விளக்கைப் போடுவார்கள், வாக்கி டாக்கியில் கத்துவார்கள், விளக்கையோ கொடியையோ எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடி, 600 மீட்டரிலும் 1,200 மீட்டரிலும் டெட்டனேட்டர் என்னும் சின்ன வெடியைத் தண்டவாளத்தில் வைப்பார்கள். சக்கரம் ஏறி அது வெடித்தால் வரும் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார். இவ்வளவு தூரம் எதற்கு என்றால், 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலை அவசர பிரேக் போட்டு நிறுத்தவும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். பஹாநகாவில் இதற்கெல்லாம் நேரமே கிடைக்கவில்லை.

பயணிகளும் இதையே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை விட்டு இறங்க முடிந்தால் அடுத்த தடம் இல்லாத பக்கமாக இறங்கி விலகிப் போங்கள். மேலே போகும் மின்கம்பியில் 25,000 வோல்ட். அறுந்து தொங்கினால் கம்பியையோ, அது தொட்டுக்கொண்டிருக்கும் பெட்டியையோ தொடக்கூடாது.

மருத்துவ வண்டியும் 140 டன் கிரேனோடு வரும் விபத்து நிவாரண ரயிலும் சைரன் ஊதிக் கிளம்பும். ஆனால் அவை வந்து சேரும் முன் ஓடி வருவது பக்கத்து ஊர் மக்கள்தான். பஹாநகாவிலும் இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் ஆட்களை இழுத்து வெளியே போட்டது ஊர்க்காரர்கள். அன்று இரவே மருத்துவமனைகளில் ரத்தம் கொடுக்க வரிசை நின்றது. ஏறத்தாழ 51 மணி நேரத்தில் பாதை சீராகி அந்த வழியே முதல் ரயில் போனது. இறந்தவர்களை அடையாளம் காண்பது அவ்வளவு விரைவில் முடியவில்லை. வேலை தேடிப் போன தொழிலாளர்கள் பலர் முன்பதிவில்லாப் பெட்டியில் இருந்தார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர்ப் பட்டியலே கிடையாது. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் குடும்பங்கள் புவனேஸ்வர் எய்ம்ஸ் வாசலில் காத்திருந்தன. யாரும் கேட்டு வராத 28 உடல்களை நான்கு மாதம் வைத்திருந்து, அக்டோபரில் மாநகராட்சியே தகனம் செய்தது.

விசாரணை யார் செய்வது? பயணிகள் ரயில் விபத்தில் உயிர் போனால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்க வேண்டும் என்பது ரயில்வே சட்டம். இவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். ரயிலை ஓட்டும் துறையே தன் விபத்தைத் தானே விசாரிக்கக்கூடாது என்பதற்காக இந்தப் பிரிவினை. விசாரணை நாளை பத்திரிகையில் அறிவிப்பார்கள். பார்த்தது, தெரிந்தது எதையும் பொதுமக்கள் யாரும் போய்ச் சொல்லலாம். இது பலருக்குத் தெரியாது. குற்ற வழக்கு தனி. பஹாநகாவில் சி.பி.ஐ. மூன்று ரயில்வே ஊழியர்களைக் கைது செய்தது. யாரைத் தண்டிப்பது என்பது ஒரு கேள்வி. மறுபடி நடக்காமல் எப்படித் தடுப்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் சத்தத்தில் இரண்டாவது கேள்வி அமுங்கிப்போகிறது என்பதுதான் என் கவலை.

ஜப்பானில் 2005 ஏப்ரல் 25 அன்று அமகாசாகியில் நடந்ததை இதற்காகவே சொல்ல வேண்டும். 70 கிலோமீட்டர் வேகம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வளைவில் ரயில் 116 கிலோமீட்டரில் நுழைந்து, புரண்டு, அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. 23 வயது டிரைவர் உட்பட 107 பேர் இறந்தார்கள். டிரைவர் தவறு என்று அங்கேயே கோப்பை மூடியிருக்கலாம். விசாரணை மேலே போனது. சற்று முன் ஒரு நிலையத்தில் அவர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்திவிட்டார். அதனால் ரயில் ஒன்றரை நிமிடம் தாமதம். இப்படித் தவறும் டிரைவர்களுக்கு அந்த நிறுவனத்தில் 'மறுபயிற்சி' என்ற பெயரில் அவமானப்படுத்தும் தண்டனை உண்டு. அவர் அதை முன்பே அனுபவித்தவர். வளைவு நெருங்கும் நேரத்தில், தன் தவறு கட்டுப்பாட்டு அறைக்கு எப்படிச் சொல்லப்படுகிறது என்று ரேடியோவில் காது வைத்திருக்கக்கூடும் என்று விசாரணைக் குழு கருதியது. அந்த வளைவில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவி பொருத்தப்படவில்லை என்பதும் வெளிவந்தது.

அரியலூருக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த நேர்மையை இன்றும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அடுத்த மழையில் அந்த ஆற்றைக் கடந்தவர்களின் உயிரைக் காத்தது பாலத்தைப் பார்த்துக்கொண்டவர்களின் வேலை.

கவச் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு சிக்னலைத் தாண்டினாலோ வேக வரம்பை மீறினாலோ தானாக பிரேக் போடும் இந்திய அமைப்பு அது. பஹாநகா பாதையில் அது பொருத்தப்படவில்லை. அமகாசாகி வகை விபத்தை அப்படிப்பட்ட கருவி தடுக்கும். ஆனால் பஹாநகாவில் சிக்னல் அமைப்பே தவறான தகவல் தந்தது. 'கவச் இருந்திருந்தால்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

கடைசியாகப் பணம். குடும்பங்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். விபத்து நடந்ததும் அறிவிக்கப்படுவது கருணைத் தொகை. பஹாநகாவில் ரயில்வே இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தது. சட்டப்படியான இழப்பீடு வேறு. ரயில்வே சட்டம் 1989-ன் 124-ம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையே இல்லாமல் அது கிடைக்க வேண்டும். 2017 முதல் மரணத்துக்கு 8 லட்சம். கருணைத் தொகை வாங்கியதால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் இது வீடு தேடி வராது. ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் ஒரு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விபத்து எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் பகுதிக்கான அமர்விலேயே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாகச் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு மூன்றாவது. முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்களுக்கு அது இல்லை.

அவர்களுக்கு இன்னொரு சிக்கல், டிக்கெட் காணாமல் போவது. உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து உரிமைக்கோரலை மறுக்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இறந்தவர் அந்த ரயிலில் டிக்கெட்டோடு பயணம் செய்தார் என்று தெரிந்த விவரங்களுடன் குடும்பம் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால், அதன்பின் மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயுடையது. டிக்கெட் இல்லையே என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் குடும்பம் எதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதைச் சொல்லி, அந்த ஒரு ஆண்டு முடிவதற்குள் ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பி வையுங்கள்.